தேதி சொல்லாதவள்

பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைத் தாண்டினால் ஒரு சின்ன அறை வரும். ஓர் ஆள் உள்ளே போனால் இன்னோர் ஆள் வாசலிலேயே நிற்க வேண்டும். அத்தனை அகலம். மேசை முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். மேல்தாடை, கீழ்த்தாடை என்று ஜோடி ஜோடியாக, முகமில்லாமலேயே சிரித்துக்கொண்டிருக்கும். அந்த அறையில்தான் அவள் இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறாள். மெழுகைச் சூடாக்கி, பல்லை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தி, அரைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி, யாரோ ஒருவர் மறுபடியும் மொறுக்கென்று எதையாவது கடிக்கும்படி செய்து அனுப்புவாள். மருத்துவமனையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவள் போகிற சபையிலும் அதே பெயர்தான். அங்கே பாதிப் பேர் வாயில் அவள் வேலை இருக்கிறது.

பொருந்தாத பல்லைப் பொருந்துகிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவசரத்தில் டாக்டர் சில நேரம், "கொஞ்ச நாள் போட்டா அவரே அட்ஜஸ்ட் ஆயிடுவாரு, விடுங்கக்கா" என்பார்.

"வாய் அவர் கூடவே பொறந்தது டாக்டர். பல்லுதான் புதுசா வந்தது. புதுசா வந்ததுதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று சொல்லி, செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

அந்த அறைக்குத்தான் கடிதம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் மெழுகு வெட்டும் கத்தியாலேயே உறையைப் பிரித்தாள். அனுப்பியது மெதடிஸ்ட் சபை. இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை. பதினைந்து வயதில் திடப்படுத்தல் முடித்து, முழு அங்கத்தினராகப் பெயரை எழுதிக்கொண்ட சபை. அங்கத்தினர் பட்டியலைச் சரிபார்க்கிறார்களாம். பல வருடமாக ஆராதனைக்கு வராதவர்களுக்கு எழுதுகிறார்களாம். தொடர விரும்பினால் தெரிவிக்கவும். வேறு சபையில் சேர்வதாக இருந்தால் மாற்றுக் கடிதம் தரப்படும். மாதக் கடைசிக்குள் பதில் இல்லையென்றால் பெயர் நீக்கப்படும்.

கடிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள்தான் இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. அப்பாவின் அடக்க ஆராதனைக்குப் போனதோடு சரி. கல்யாணமானதிலிருந்து ஞாயிறு தவறாமல் புருஷனோடு நசரேன் சபையில்தான், இடது பக்கம் மூன்றாவது வரிசையில். அவர் போய் ஒன்றரை வருடமான பிறகும் அதே வரிசைதான்.

ஆனால் அந்த நசரேன் சபையில் அவள் பெயர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அங்கே அவள் விருந்தாளி. இப்போது மெதடிஸ்ட் சபையிலும் பெயரை அடித்துவிட்டால், உலகத்தில் எந்தச் சபையின் எந்தப் பக்கத்திலும் அவள் இருக்க மாட்டாள். கடிதத்தை மடித்து மேல்தாடை ஒன்றின் கீழ் வைத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் எடுத்த காரியம் ஒன்றும் கைக்கு அடங்கவில்லை.

*

கல்யாணமான புதிதில் அவர் அவளைத் தன் சபைப் பாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அப்போதிருந்தவர் பெரியவர். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் சைக்கிளில் முதலில் போய் நிற்கிறவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சேர வருகிறவர்களிடம் இரண்டு தேதி கேட்பார். பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

"ரட்சிக்கப்பட்ட தேதி?"

"சின்ன வயசுலேர்ந்தே விசுவாசம் இருக்குங்க பாஸ்டர். இந்தத் தேதின்னு சொல்லத் தெரியல."

"மெதடிஸ்டு. சரி, அதை விடுவோம். முழுசாப் பரிசுத்தமாக்கப்பட்ட தேதி?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு நாள் எனக்கு வரலீங்களே."

"வரும். வந்ததும் வாங்க, எழுதிக்கலாம்." பென்சிலை மேசையில் வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

திரும்பி நடக்கையில் புருஷன்தான் விளக்கினார். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எதையும் கிளம்புகிற இடம், சேருகிற இடம் என்று பிரித்துத்தான் பேசுவார்.

"ரெண்டு சபைக்கும் மூலம் ஒண்ணுதான். தண்ணி ஒண்ணு, குழாய்தான் வேற. பாவம் மன்னிக்கப்பட்டு மனுஷன் புதுசாகணும்ங்கறதுல தகராறே இல்ல. அதுக்கு அப்புறம் மனசு சுத்தமாகுதே, அதுலதான். உங்காளுங்க அது கொஞ்சம் கொஞ்சமா சாகுற வரைக்கும் வளரும்னு சொல்லுவாங்க. நாங்க, வளரும்தான், ஆனா ரட்சிப்புக்கு அப்புறம் இன்னொரு நாள் இருக்கு, அன்னிக்குக் கடவுள் மனசை மொத்தமா எடுத்துக்குவார்னு சொல்லுவோம்."

"பால்பல் விழுந்து நெலப்பல் வர்ற மாதிரியா?"

அவர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். "உன்கிட்ட போய் வேதம் பேசினேன் பாரு. ஆமா, அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"உங்களுக்கு விழுந்துடுச்சா?" என்று அன்றைக்கே அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பிறந்தது முதல் அந்தச் சபையில் இருக்கிறவர். ஒரு கெட்ட வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு இல்லாமலா?

மற்ற வித்தியாசமெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிற்று. மெதடிஸ்ட் சபையில் அச்சடித்த ஒழுங்கு உண்டு. போதகர் ஒரு வரி சொன்னால் சபை அடுத்த வரி சொல்லும். இங்கே ஜெபத்தை வாயில் வந்தபடி செய்வார்கள். அங்கே திருவிருந்துக்கு முன்னால் போய் முழங்காலிட வேண்டும். இங்கே சின்னச் சின்னக் கிண்ணங்கள் வைத்த தட்டு, உட்கார்ந்த இடத்துக்கே வரும். அங்கத்தினராக இல்லாவிட்டாலும் விசுவாசி என்றால் எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு சபையும் தாராளம். இங்கே நிறையப் பேர் குழந்தையைக் கடவுளுக்குப் பிரதிஷ்டை மட்டும் செய்துவிட்டு ஞானஸ்நானத்தை விவரம் தெரிந்த வயசுக்கு விட்டுவைப்பார்கள். "எங்க சபையில ரெண்டுக்கும் எடம் இருக்கு. நீ எப்படி வளர்ந்தியோ அப்படியே செய்வோம்" என்று மகள் பிறந்தபோது அவர் சொல்லிவிட்டார். குழந்தைத் தலையில் தண்ணீர் விழுந்தது. அந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அங்கேயே ஒரு சபையில் சேர்ந்தும்விட்டாள்.

பழகாமல் போனது ஒன்றே ஒன்று. வருடத்துக்கு ஒரு முறை, ஆராதனை முடிந்ததும் பாஸ்டர், "அங்கத்தினர்கள் மட்டும் இருங்க" என்பார். கணக்குக் கேட்பதும், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் அப்போதுதான். அங்கத்தினர் அல்லாதவர்கள் எழுந்து வெளியே வர வேண்டும். அவள் எழுந்து வருவாள். வெளியே வாடகை நாற்காலிகளை அடுக்குகிறவரும் அவளும்தான் நிற்பார்கள்.

அவருடைய அக்காவுக்கு, அதாவது அவளுடைய அண்ணிக்கு, இது ஒரு நல்ல தீனி.

"என்னம்மா, இன்னும் விருந்தாளி வேலைதானா? சீக்கிரம் சேர்ந்துடு. பாட்டுக்குழுவுல ஒரு ஆள் கம்மியா இருக்கு. உங்கப்பா மாதிரி சர்ச் வாசல்லயே சிகரெட்டைப் பத்த வெச்சாத்தான் சேர்க்க மாட்டோம். நீதான் ஒழுங்கான ஆளாச்சே."

"அவர் சேர்ந்தேதான் இருந்தார் அண்ணி, கடைசி வரைக்கும். எங்க சபையிலயும் சிகரெட் வேண்டாம்னுதான் சொன்னாங்க. பேரை வெட்டல, அவ்வளவுதான்."

"அதான் நாங்க சேரும்போதே வாக்கு வாங்கிடறோம். குடி, புகை, லாட்டரி, ஒண்ணும் கிடையாது. என் காலத்துல சினிமாவும் கிடையாது தெரியுமா? எவ்வளவு படம் போச்சு எனக்கு."

புருஷன் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. எட்டாவது வருடமோ ஒன்பதாவது வருடமோ, ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தவர், அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒரு நாள் நீ முன்னாடி நின்னு சேர்றதை நான் பார்க்கணும். அவசரமெல்லாம் இல்ல. சும்மா சொல்லிவெச்சேன்."

"எனக்கு வரலீங்க. வராததை வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லாத" என்றார்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. விசேஷக் கூட்டங்களில் பாஸ்டர் அழைத்தபோது மூன்று தடவை முன்னால் போய் முழங்காலிட்டாள். மனசைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம், வருகிறது வரட்டும் என்று காத்திருந்தாள். கால் மரத்துப்போனதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள், எழுந்தார்கள், சாட்சி சொன்னார்கள், தேதி சொன்னார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது வரிசைக்குத் திரும்பினாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு வேலை நாள் காலையில், டிப்போவில் ஏழே காலுக்குக் கிளம்பிய பஸ்ஸின் நேரத்தை எழுதி முடித்துவிட்டு, அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

*

கடிதம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகத்தைத் திறக்காமலே வாய்க்கு எல்லாம் வந்தது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், எங்கே உட்கார வேண்டும், எங்கே எழுந்திருக்க வேண்டும், ஒன்றும் மறக்கவில்லை. திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது பீடத்தின் முன் கம்பியின் குளிர்ச்சிகூட அப்படியே இருந்தது. இதற்குத்தானே இத்தனை வருடம் ஏங்கினோம் என்று நினைத்தாள். ஏங்கியதும் நிஜம்தான். சில ஞாயிறு அந்தக் கிண்ணத் தட்டு வரிசையில் வரும்போது, எழுந்து போய் முழங்காலிட வேண்டும் என்று காலே துடித்திருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, நடைபாதையில் ஒரு அம்மாள் நின்றாள்.

"பக்கத்துல யாராவது வர்றாங்களா?"

அப்போதுதான் பார்த்தாள். நீள பெஞ்சில், தன் இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைங்க. உக்காருங்க" என்று நகர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பாடிய பாட்டில் ஒரு வரி கூட அவளுக்கு ஏறவில்லை. அவர் இந்தக் கோயிலில் அவளோடு ஒரு ஞாயிறுகூட உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அவருக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த போதகர் கடிதம் போட்டவர்தான். பேரைச் சொன்னதும் கண்டுகொண்டார்.

"வந்துட்டீங்களா அம்மா? திரும்பி வர்றதா இருந்தா ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். போறதா இருந்தாலும் ஒரு வரிதான்."

"இங்க யாரும் தேதி கேக்க மாட்டீங்களா ஐயா? மனசு முழுசா சுத்தமான தேதி?"

அவர் யோசித்தார். "அது வாழ்நாள் வேலைன்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. என் வீட்டம்மாகிட்ட கேட்டீங்கன்னா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்பாங்க."

அவள் சிரித்தாள். சிரித்த கையோடு தெருவில் இறங்கி நடக்கையில், இதை வீட்டில் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

*

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நசரேன் சபைக்குப் போனாள். பெரியவர் ஓய்வு பெற்றுப்போய், காலமாகியும் நாளாயிற்று. அவர் கடைசி வருடங்களில் 'பரிசுத்தம்' என்று சொல்லும்போதெல்லாம் மேல்செட்டில் விசில் வந்தது. அவள்தான் முன்பல்லின் பின்னால் ஒரு நூலளவு அரைத்து அதை நிறுத்தினாள். இப்போது இருக்கிறவர் மாற்றலாகி வந்து மூன்று மாதம். அவளைவிட பதினைந்து வயது இளையவர். பெஞ்சுக்கு அடியில் படுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒரு அனுமதி கேக்க வந்தேன். என் பேரை அங்க எடுக்கப் போறாங்க. இங்க சேர எனக்குத் தகுதி இல்ல. பேர் எங்கயும் இல்லாம இப்படியே வந்து உக்காந்துட்டுப் போகலாமா?"

அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "தகுதி இல்லைன்னு யாருக்கா சொன்னது?"

அவள் தேதி விஷயத்தைச் சொன்னாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், சபை ஒழுங்குப் புத்தகத்தையும் அங்கத்தினர் பதிவேட்டையும் எடுத்து வந்தார். சேருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளை விரல் வைத்து வாசித்தார். இயேசு உங்களை இப்போது ரட்சிக்கிறார் என்று நம்புகிறீர்களா. இந்தச் சபையோடு ஐக்கியப்பட விரும்புகிறீர்களா. தீமையை விட்டு விலகி, நன்மை செய்து, இருதயமும் நடக்கையும் முழுப் பரிசுத்தமாகும்படி ஊக்கமாய்த் தேடுவீர்களா.

"தேடுவீங்களான்னுதான் கேக்கறோம். கெடைச்சுதான்னு கேக்கல."

இந்தக் கேள்விகளை அவள் எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறாள். ஆனால் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்குக் கைகுலுக்குகிற நேரத்துப் பேச்சாகத்தான் அது அவள் காதில் விழுந்திருக்கிறது. பரீட்சை பென்சிலோடு அல்லவா நடந்தது?

"அப்படி ஒரு அனுபவமே கிடையாதுன்னு நெனைக்கறீங்களா? எங்க போதனை அது. ஒத்துக்க முடியலைன்னா சேரச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"கிடையாதுன்னு சொல்லல. எத்தனையோ பேர் முகத்துல பார்த்திருக்கேன். எனக்கு நடந்துச்சுன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்."

"அது போதும்கா. தேதிக் கணக்கு புத்தகத்துல இல்ல. அது ஐயாவோட பழக்கம்." பதிவேட்டைப் புரட்டினார். பழைய பக்கங்களில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, ஓரத்தில், பென்சிலில் ஒரு தேதி. பெரியவர் கையெழுத்து. பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். பதினோராம் பக்கத்தில் அவள் புருஷனின் பெயர் வந்தது. பத்தொன்பது வயதில் சேர்ந்திருக்கிறார், பெரியவர் அந்தச் சபைக்கு வருவதற்கு முன்னால். பெயருக்கு நேராகக் காலமான நாள் மையில் இருந்தது. மேலும் கீழும் இருந்த பெயர்களுக்கெல்லாம் பெரியவர் பின்னால் கேட்டு எழுதியிருந்தார்; இந்தப் பெயருக்கு மட்டும் பென்சில் தேதி இல்லை.

அவள் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைச் சாட்சிக் கூட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவர் எழுந்து நிற்பார். டிரைவர் ஒருவரின் குழந்தைக்காக ஜெபம் கேட்பார். மழைக்காக நன்றி சொல்வார். உட்கார்ந்துவிடுவார். இருபது வருடத்தில் ஒரு தடவை கூடத் தேதி சொன்னதில்லை.

*

அண்ணி வீட்டுச் சமையலறையில், அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்று துடைத்தாள்.

"அண்ணி, அவருக்குத் தேதி இல்லையா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி குழாயை மூடினாள்.

"இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தம்பி ஆச்சே, தெரியாதா? அவனும் ஜெபத்துல கேட்டுப் பார்த்தான், வரல. என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட இருக்கற தேதி என்ன பெரிய தேதி? எனக்கும் ஏதோ நடந்தது, நிஜம்தான். ஆனா ஒரே நாள்லயா நடந்தது? ஐயா பென்சிலைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தார். பின்னால ஆறு பேர் காத்திருந்தாங்க. வாயில வந்ததைச் சொன்னேன். வெளிய வந்துதான் ஞாபகம் வந்தது, அது நான் பஸ்ல குடையை விட்டுட்டு வந்த நாள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகைக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல அவர்?"

"வெக்கம்தான். நீ அவனை அவ்வளவு நல்லவனா நெனச்சுட்டிருந்தே. புருஷன்காரன், அதைக் கெடுத்துக்குவானா? நான்கூடச் சொன்னேன், சொல்லித் தொலைடா, அவ பாட்டுக்கு வெளிய நிக்கிறா பாருன்னு. சொல்றேன் சொல்றேன்னான். அதுக்குள்ள போயிட்டான்."

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். கோபமாகத்தான் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில், தோளோடு தோள் உட்கார்ந்து, இரண்டு பேரும் அதே ஒன்றைத்தான் தேடியிருக்கிறார்கள். அவர் சேர்ந்துவிட்ட ஆள், தான் கிளம்பவே செய்யாத ஆள் என்று நினைத்து, அவரிடமே அதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டிருக்கிறாள். ஒரே ஒரு சாயங்காலம் பேசியிருந்தால் போதும். அவர் மறுபடி உயிரோடு வர வேண்டும் என்று ஒன்றரை வருடத்தில் எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறாள். இப்போது அந்த ஏக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. அரை மணி நேரம் வந்தால் போதும். இதைப் பேசி முடித்துவிட்டு அனுப்பிவிடலாம்.

"அழுதா தட்டு ஈரமாகும். தள்ளு" என்று அண்ணி துணியை வாங்கிக்கொண்டாள்.

*

மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்னால், மெதடிஸ்ட் போதகருக்கு ஒரு வரி எழுதினாள். அவர் மாற்றுக் கடிதம் அனுப்பினார். நல்ல நிலையிலுள்ள அங்கத்தினர் என்று அதில் இருந்தது. ஞானஸ்நானத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு மாதக் குழந்தையின் தலையில் விழுந்த அதே தண்ணீர் இங்கேயும் செல்லும். கடிதத்தை நசரேன் பாஸ்டரிடம் கொடுக்கும்போது முழங்காலிடும் கம்பியின் ஞாபகம் வந்தது. அதை விட்டுவிட்டுத்தான் வருகிறோம் என்று தெரிந்தேதான் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை முன்னால் அழைத்தார்கள். வேறு யாரும் சேரவில்லை, அவள் மட்டும்தான். பாஸ்டர் கேள்விகளை நிதானமாக வாசித்தார். முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்றாள். மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

"தேடுவேன்" என்றாள் அவள். அது போதாது என்று தோன்றி, "தேடிட்டுத்தான் இருக்கேன். இன்னும் கெடைக்கல" என்றாள்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பாஸ்டர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மூன்றாவது வரிசையில் அண்ணி, சத்தமாகவே, "நானும்தான்" என்றாள்.

எல்லாரும் கைகுலுக்கிப் போனபின், பதிவேட்டில் எழுத உள்ளே கூப்பிட்டார் பாஸ்டர். தொண்ணூற்று நான்காம் பக்கம். கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"பாஸ்டர், பதினோராம் பக்கத்துல, அவர் பேருக்குக் கீழ எங்கயாவது எழுத முடியுமா?"

அவர் சங்கடத்தோடு பார்த்தார். "சேர்ந்த வரிசைப்படிதான்கா எழுதணும். நடுவுல நுழைச்சா..."

"தெரியும். சும்மா கேட்டேன்."

பதினோராம் பக்கத்துக்கு மட்டும் ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எண்பத்து மூன்று பக்கத்தையும் ஒன்றொன்றாகத் திருப்பிக்கொண்டு வந்தாள். பாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. தன் பக்கம் வந்ததும், பேனாவை வாங்கி, பெயரை எழுதினாள்.